நடுவில் ஒன்றும் இல்லையாம்!

டிசம்பர் நெருங்கினால் அரிசோனா பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலருக்கு மெக்சிகோ ஆசை வந்துவிடுகிறது. விமானத்தில் இல்லை, சொந்தக் காரில். அதுவும் ஒரே நாளில்!

அதிகாலை 4 மணிக்கு டூசான். ஐந்தேகாலுக்கு நோகாலெஸ் எல்லை. ஒன்பதுக்கு எர்மோசியோ. மதியம் ஒன்றரைக்கு நவோஹோவா. ராத்திரி எட்டுக்கு மசத்லான் கடற்கரையில் இறால். மொத்தம் கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர். இதை எக்செலில் கட்டம் போட்டு, பெட்ரோலுக்குப் பச்சை, சுங்கச்சாவடிக்கு மஞ்சள் என்று கலர் அடித்து அனுப்பி, 'பிளான் எப்படி சார்?' என்று கேட்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பு: 'நடுவில் ஒன்றும் இல்லை. எங்கேயும் நிறுத்தக் கூடாது.'

பிளான் மோசம். ஆபத்தானது என்பதால் மோசம். அதைவிட, அந்தக் கடைசிக் குறிப்பினால் மோசம்.

முதலில் கணக்கு. சொனோரா மாநிலத்தில் டிசம்பர் மாதம் மாலை ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். நண்பரின் அட்டவணைப்படி ஐந்தரைக்குக் கார் எங்கே இருக்கும்? சினலோவா மாநிலத்துத் தலைநகரான குலியகானை நெருங்கிக்கொண்டிருக்கும். 2024 ஜூலையில் 'எல் மாயோ' சம்படா அமெரிக்காவில் பிடிபட்டார். அவருடைய ஆட்களும், 'எல் சாப்போ' குஸ்மானின் பிள்ளைகளுடைய ஆட்களும் அதே வருடம் செப்டம்பரில் வீதிக்கு வீதி சுட்டுக்கொள்ள ஆரம்பித்தது இந்தக் குலியகானில்தான். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், கடைகளை மூடினார்கள், உள்ளூர்க்காரர்கள் இருட்டியபின் வெளியே வருவதையே விட்டார்கள். அந்த ஊர்க்காரனே வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில், அரிசோனா நம்பர் பிளேட்டோடு நம்மாள் பைபாஸ் தேடிக்கொண்டிருப்பார். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

துப்பாக்கிக்காரன் வராவிட்டாலும் மாடு வரும். வடக்கு மெக்சிகோவில் இருட்டில் ஓட்டாதே என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் கொள்ளை என்றால், மீதிப் பாதி சாலை நடுவே நிற்கும் மாடு, பின்விளக்கு எரியாத லாரி, ஓரம் இல்லாத ரோடு, ஊர் எல்லையில் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பும் வேகத்தடை. அந்த வேகத்தடைக்கு அங்கே 'தோப்பே' என்று பெயர். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு அண்ணன். எண்பதில் போய் ஏறினால் வண்டியின் அடிவயிறு போய்விடும்.

கூகுள் மேப் 'பதினான்கு மணி நேரம்' என்கிறது, நாம் நம்புகிறோம். எல்லையில் காரைப் பிரித்துப் பார்க்கும் நேரம், ராணுவச் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும் நேரம், பிள்ளைக்கு வாந்தி வரும் நேரம் எல்லாம் அந்தப் பதினான்கில் கிடையாது. டிசம்பர் மாதத்தில் இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் கூலி வேலை, தோட்ட வேலை, கட்டட வேலை பார்க்கும் லட்சக்கணக்கான மெக்சிகோக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் போகும் மாதம் அது. 'பைசானோ' என்பார்கள், நம் 'ஊர்க்காரர்' மாதிரி. மேலே மெத்தை, சைக்கிள், வாஷிங்மெஷின் எல்லாம் கட்டிய பழைய வேன்கள் எல்லையில் அணிவகுத்து நிற்கும். இவர்களுக்காக மெக்சிகோ அரசு 1989 முதல் தனியாக ஒரு திட்டமே நடத்துகிறது. வழியில் போலீஸ்காரனே மடக்கிக் காசு பிடுங்குவது அத்தனை சகஜமாக இருந்தது!

இந்தச் சாலைகளில் உண்மையான பிளான் நிபுணர்கள் அவர்கள்தான். எப்படிப் போகிறார்கள்? டெக்சாஸின் லாரேடோவிலிருந்து நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து, விடியலில் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் போகிறார்கள். பரம்பரையாக அந்த ரோட்டில் போய்வரும் மனுஷனே கூட்டம் சேர்த்துக்கொண்டு போகும்போது, முதல் தடவை போகிற நமக்கு என்ன அப்படி ஒரு தைரியம்?

இங்கே இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, 'போகவே போகாதே, தலையை வெட்டிப் பாலத்தில் தொங்கவிட்டுடுவான்' என்று சொல்லும். இன்னொரு கட்சி, 'சும்மா பயமுறுத்துறாங்க, நான் பத்து தடவை போயிருக்கேன், ஒரு ஈ கூட மொய்க்கலை' என்று மார்தட்டும். இரண்டுமே எனக்கு எரிச்சல். இரண்டு பேச்சிலும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்: பேசுகிறவர்.

அந்தச் சாலைகளில் யார் செத்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்று பார்த்தால் கதை வேறு. டெக்சாஸை ஒட்டிய தமௌலிபாஸ் மாநிலத்தில் சான் ஃபெர்னாண்டோ என்று ஒரு ஊர். 2010 ஆகஸ்டில் அங்கே 72 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் பிழைப்புக்காக வடக்கே நடந்து வந்த ஏழைகள். அடுத்த வருடம் அதே ஊரைச் சுற்றியிருந்த குழிகளில் 193 உடல்கள் கிடைத்தன. பலர் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்கள். ஏ.சி. கார்க்காரர்கள் இல்லை, பஸ் டிக்கெட் வாங்கியவர்கள். 2021-ன் முதல் பாதியில் மொன்டெர்ரேயிலிருந்து நுவோ லாரேடோவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், மூன்று மணி நேரப் பயணம்தான், ஐம்பது பேர் அளவில் மறைந்து போனார்கள். லாரி டிரைவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போன குடும்பம்.

நாம் போக நினைக்கும் சொனோராவிலேயே 'தேடும் தாய்மார்கள்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2019-ல் தொடங்கியது. செசி ஃப்ளோரெஸ் என்ற, பிள்ளைகளைத் தொலைத்த ஒரு தாய் ஆரம்பித்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு எர்மோசியோ, குவாய்மாஸ் சுற்றுவட்டாரப் பாலைவனத்தில் இவர்கள் தோண்டுகிறார்கள். இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி இழுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். வாடை வந்தால் அங்கே தோண்டுவார்கள். போலீஸ் செய்ய வேண்டிய வேலை. மெக்சிகோவில் காணாமல் போனவர்களின் அரசுப் பதிவு 2022 மே மாதத்திலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆக, பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தின் சொந்தக்காரர்கள் அவர்கள். நாம் ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு, 'அடேங்கப்பா, எப்படிப்பட்ட இடத்தைத் தாண்டி வந்தோம் தெரியுமா' என்று பார்ட்டியில் கதை சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

(இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவில் குற்றம் நடந்த இடங்களில் பிடிபட்டு, எங்கே விற்றது என்று தடம் கண்டுபிடிக்கப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து போனவை. அரிசோனாவும் டெக்சாஸும் முக்கிய ஊற்றுகள். மெக்சிகோ அரசு 2021-ல் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது வழக்கே போட்டது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதைக் கண்டு நண்பர் பயப்படுகிறாரோ அதில் கணிசமானது அவர் குடியிருக்கும் மாநிலத்துக் கடையில் வாங்கி, அவர் போகும் அதே 15-ம் நம்பர் நெடுஞ்சாலையில் அவருக்கு முன்னால் போனது.)

சரி, 'நடுவில் ஒன்றும் இல்லை'க்கு வருவோம்.

நோகாலெஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் மக்தலேனா. முழுப்பெயர் மக்தலேனா தெ கீனோ. எவுசேபியோ கீனோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1687-ல் இந்தப் பகுதிக்கு வந்து, குதிரையிலேயே பாலைவனத்தை அளந்து, வரைபடம் போட்டு, 1711-ல் இங்கே இறந்தார். அவருடைய எலும்புகளை 1966-ல் கண்டுபிடித்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் கண்ணாடிக்குக் கீழே அப்படியே கிடக்கிறார். போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், அரை மணி போதும். நான் அவரைச் சொல்வது வேறு காரணத்துக்காக. மாட்டையும் கோதுமையையும் இந்தப் பக்கத்து மக்களிடம் பரப்பியவர் இவர்.

கோதுமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ என்றால் சோளம் என்று படித்திருப்போம். வடக்கே அப்படிக் கிடையாது. எர்மோசியோவில் போய் உட்கார்ந்தால் தட்டில் வருவது கோதுமை மாவு தோர்த்தியா. அதிலும் ஒரு வகை, முழங்கை வரை விரியும் அகலம், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெல்லிசு. ரூமாலி ரொட்டியின் ஒன்றுவிட்ட சகோதரி. (சைவர்கள் கவனிக்க: மாவிலும், பக்கத்தில் வைக்கும் பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'மான்தேக்கா' போட்டதா என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள்.)

குவாய்மாஸைத் தாண்டிப் போனால் யாக்கி ஆற்றுச் சமவெளி. சியுதாத் ஒப்ரெகோன் என்ற ஊர். நண்பரின் எக்செலில் இந்த ஊருக்கு ஒரு மஞ்சள் கட்டம், அவ்வளவுதான். நவோஹோவா பக்கம் கொண்டைக்கடலை பயிரிட்டு, அப்புறம் தளபதியாகி, போரில் கை இழந்து, ஜனாதிபதியான அல்வாரோ ஒப்ரெகோனின் பெயர் கொண்ட ஊர் அது. நமக்கு முக்கியம் அவர் இல்லை. நார்மன் போர்லாக் தன் குட்டைக் கோதுமையை வளர்த்தது இந்தச் சமவெளியில். அந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு இன்று அவர் பெயர்தான்.

1960-களின் நடுவில் இந்தியா கப்பலுக்குக் கப்பல் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1963-ல் போர்லாகை இந்தியாவுக்கு வரவழைத்தார். 1964-ல் கொங்குநாட்டு சி.சுப்பிரமணியம் டெல்லியில் விவசாய மந்திரி ஆனார். மெக்சிகோ விதையை வாங்கலாம் என்று கோப்பில் கையெழுத்துப் போடும் துணிச்சல் அவரிடம் இருந்தது. 1965-ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சேர்த்து விதை மூட்டைகளை ஏற்றிய லாரிகள் மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குக் கிளம்பின. எல்லையில் தடங்கல். அதைத் தாண்டினால் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ் பகுதியில் கலவரம், ஊரே எரிகிறது. விதை கப்பல் ஏறி முடிப்பதற்குள் அது போக வேண்டிய இரண்டு தேசங்களும் யுத்தத்தில் இறங்கிவிட்டன! 1966-ல் இந்தியா மறுபடி வாங்கியது 18,000 டன். ஒரு ரகத்தின் பெயர் 'லெர்மா ரோஹோ'. மற்றொன்றின் பெயர் 'சொனோரா 64'. தானியம் சிவப்பாக இருக்கிறது, சப்பாத்தி நிறம் சரியில்லை என்று நம் ஜனங்கள் முகம் சுளித்ததால், சுவாமிநாதன் குழு கதிர்வீச்சுக் கொடுத்து அதையே பொன்னிறமாக்கி 'ஷர்பதி சொனோரா' என்று பெயர் வைத்தது.

மாநிலத்தின் பெயரே நம் கோதுமையில் இருக்கிறது. 'நடுவில் ஒன்றும் இல்லை' என்று எழுதியவர், அதை எழுதும்போது மதிய டப்பாவில் சப்பாத்தி வைத்திருந்திருப்பார்.

இந்தக் கதையை இப்படியே முடித்தால் பசுமைப் புரட்சி விளம்பரம் ஆகிவிடும். அந்தச் சமவெளியின் ஆற்றுக்கும் மண்ணுக்கும் சொந்தக்காரர்கள் யாக்கி மக்கள். எட்டு ஊர்க்காரர்கள். போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில், 1900-களின் முதல் பத்தாண்டில், அவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து நாட்டின் மறுகோடியில் யுகதானின் கற்றாழை நார்த் தோட்டங்களுக்கு அடிமைகள் மாதிரி அனுப்பினார்கள். நிலம் காலியானது, பெரிய பண்ணைகள் வந்தன. அப்புறம் ஜனாதிபதி லசாரோ கார்தெனாஸ் 1940-ல் ஆணை போட்டு, ஆங்கொஸ்துரா அணையில் பிடிக்கும் தண்ணீரில் பாதி வரை யாக்கிகளுக்கு என்று எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2010-ல் அதே ஆற்றிலிருந்து எர்மோசியோ நகரத்துக்குக் குழாய் போட ஆரம்பித்தார்கள். 'சுதந்திரக் குழாய்' என்று பெயர். (யாருக்கு யாரிடமிருந்து சுதந்திரம் என்று கேட்கக் கூடாது.) யாக்கிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தண்ணீர் மட்டும் எர்மோசியோ பக்கமே போய்க்கொண்டிருந்தது. அதே மாதம் யாக்கிகள் விகாம் என்ற தங்கள் ஊரில் 15-ம் நம்பர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில்.

இதைப் பற்றிப் பயணக் குறிப்புகளில் எப்படி எழுதுகிறார்கள்? 'விகாம்: உள்ளூர்வாசிகள் கயிறு கட்டி வசூல். ஒரு மணி நேரம் தாமதம் ஆகலாம். ஐம்பது பெசோ கொடுத்தால் விட்டுவிடுவார்கள்.' முடிந்தது. காவிரிக்காக ரோட்டில் உட்கார்ந்த விவசாயியைப் பார்த்து வளர்ந்த நாம், கார் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அதே காட்சியை 'தாமதம்' என்று எழுதுகிறோமே, அது எப்படி? கயிறு பிடிப்பவர்களில் காசு பார்க்கிற ஆளும் இருப்பான், மறுக்கவில்லை. நம் ஊர் மறியலில் மட்டும் எல்லோரும் உத்தமர்களா? யாக்கிகளின் தண்ணீர்ப் போராட்டத்தில் முன்னால் நின்று பேசிய தொமாஸ் ரோஹோ 2021 மே மாதம் விகாமில் நடைப்பயிற்சிக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் உடல் கிடைத்தது. செப்டம்பரில் ஜனாதிபதி லோபெஸ் ஒப்ரதோர் அதே விகாமுக்கு வந்து, யாக்கிகளுக்கு நாடு செய்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

'அப்ப நீங்க எப்படித்தான் போவீங்க?' என்று நண்பர் கோபமாகக் கேட்பார். கேட்கட்டும்.

மசத்லானை அடித்துவிடுங்கள். கடற்கரையும் இறாலும்தான் வேண்டும் என்றால் விமானம் இருக்கிறது. காரில் என்றால், நாளை வெளிச்சத்தால் அளக்க வேண்டும், கிலோமீட்டரால் அளக்கக் கூடாது. விடிந்ததும் நோகாலெஸ் தாண்டினால், மக்தலேனாவில் காலை உணவு, எர்மோசியோவில் மதியச் சாப்பாடு, நான்கு மணி வாக்கில் குவாய்மாஸ். எல்லையிலிருந்து 415 கிலோமீட்டர் சொச்சம். டூசானையும் சேர்த்தால் 525. நீண்ட நாள்தான், ஆனால் கடலில் சூரியன் விழுவதற்குள் வண்டியை நிறுத்திவிடலாம். அமெரிக்க அரசே தன் ஊழியர்களுக்கு நோகாலெஸ் - எர்மோசியோ சாலையைப் பகலில், 15-ம் நம்பர் நெடுஞ்சாலையில் மட்டும் என்றுதான் அனுமதித்து வந்திருக்கிறது. கிளம்பும் வாரம் அந்த எச்சரிக்கைப் பக்கத்தை ஒரு தடவை படியுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது. மெக்சிகோ பாலிசி தனியாக எடுக்க வேண்டும். எடுக்காமல் போய் இடித்துவிட்டால், பொறுப்பு யாருடையது என்று தீரும் வரை உள்ளே உட்கார வைக்க அங்கே சட்டம் இருக்கிறது. வாடகைக் கார் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல கம்பெனிகள் தருவதில்லை. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா வேண்டாம். ஆனால் திரும்பி வருவதற்கான காகிதம் உங்களிடம் சரியாக இருக்கிறதா என்பதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸப் குழுவிடம் கேட்காதீர்கள். எல்லை தாண்டி 21-வது கிலோமீட்டரில் ஒரு சாவடி வரும். நுழைவுப் பதிவை முடிக்காமல் அதைக் கடக்காதீர்கள். குவாய்மாஸ் வரை வண்டிக்குத் தனி அனுமதி வேண்டாம். சினலோவா வரை போவதானால் பிணைத்தொகை கட்டி வாங்க வேண்டும். சுங்கத்துக்கு பெசோ நோட்டு. பெட்ரோல் போடும்போது மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள் (இதைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?). வண்டி நின்றுவிட்டால் 078. 'பச்சைத் தேவதைகள்' என்ற பெயரில் அரசாங்கத்தின் பச்சை வண்டிகள் வந்து கூலி வாங்காமல் உதவுவார்கள்.

ஒப்ரெகோனுக்குப் போகலாமா என்பதை எக்செலில் எழுத முடியாது. 2020-களின் தொடக்கத்தில் உலகின் வன்முறை மிகுந்த நகரங்களின் பட்டியல்களில் அந்த ஊர் மேல்வரிசையில் வந்தது. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குவாய்மாஸில் தூங்கி எழுந்து, காலையில் தங்கிய இடத்துக்காரரிடம் 'இன்னிக்கு ரோடு எப்படி?' என்று கேளுங்கள். 'போகலாம்' என்றால் வெளிச்சத்தில் போய், கோதுமை வயலைப் பார்த்து, வெளிச்சத்திலேயே திரும்புங்கள். டிசம்பரில் பயிர் பச்சைப் பசேல் என்று இருக்கும். விகாமில் கயிறு கட்டியிருந்தால் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்லுங்கள். காசு கொடுத்துவிட்டு எதற்கு என்று கேளுங்கள், அரைகுறை ஸ்பானிஷ் போதும். 'ஆகுவா' என்றால் தண்ணீர்.

'வேண்டாம்' என்று அவர் தலையை ஆட்டினால் விவாதம் பண்ணாமல் எர்மோசியோவுக்குத் திரும்புங்கள். அங்கே வில்லா தெ செரிஸ் என்ற பழைய பேட்டையில் 'கொயோத்தா' சுடுகிறார்கள். கோதுமை மாவுக்குள் வெல்லம் வைத்து வட்டமாகச் சுட்ட பண்டம், நம் போளி மாதிரி, ஆனால் மொறுமொறுவென்று இருக்கும். சூட்டோடு வாங்குங்கள், ஆறினால் பல்லுக்கு வேலை.